நாணயத்தை மறைப்பதும் வியப்பை விளைவிப்பதும்

கண்கட்டு வித்தை என்று நாம் சொல்லிப் பழகிய பெயரே, இந்தக் கலையைக் கற்கத் தொடங்குபவரைத் தவறான வழியில் செலுத்திவிடுகிறது. கண்ணை ஏமாற்றினால் போதும், அதற்குக் கை மின்னல் வேகத்தில் இயங்க வேண்டும் என்று எண்ணி அவர் மாதக்கணக்கில் வேகத்தையே பழகுகிறார். திடீரென விரையும் கையைப் போலச் சந்தேகத்தைக் கிளப்புவது வேறொன்றும் இல்லை. அடுத்து என்ன நிகழும் என்று பார்ப்பவரின் மனம் முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டு வைக்கிறதே, அந்தக் கணக்கை நீங்கள் அமைத்துத் தருவதில்தான் வித்தை இருக்கிறது.

பந்தை இருமுறை மேலே எறிந்து பிடித்துவிட்டு, மூன்றாம் முறை எறிவதுபோல் பாவனை மட்டும் செய்து பந்தைக் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பழைய வித்தை ஒன்று உண்டு. அதைப் பற்றி உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் 1900-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். 2006-இல் குஸ்டாவ் கூனும் மைக்கேல் லேண்டும் அதே வித்தையைக் காணொளியாகக் காட்டி, பார்ப்பவர்களின் கண்ணசைவைக் கருவிகொண்டு பதிவு செய்தனர். மூன்றாம் முறை வித்தைக்காரர் மேலே பார்த்தபோது 68 விழுக்காட்டினர் பந்து மேலே சென்றதைக் கண்டதாகக் கூறினர்; அவர் பந்து ஒளிந்திருந்த கையையே பார்த்தபோது அப்படிக் கூறியவர்கள் 32 விழுக்காட்டினர்தான். அதைவிட என்னை ஈர்த்த செய்தி, பந்து மறைந்ததாக அவர்கள் சொன்ன இடத்தின் பக்கம் பெரும்பாலோரின் கண்கள் போகவே இல்லை என்பது. இல்லாத பந்தை எறிந்தது அவர்களுடைய மனமே.

இதை மனத்தில் கொண்டு, ஒரு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடக்கையின் உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, கட்டைவிரல் நுனிக்கும் மற்ற விரல் நுனிகளுக்கும் இடையே நாணயத்தை விளிம்பில் பற்றிக்கொள்ளுங்கள். முதல் வேலை எந்தத் தந்திரமும் இன்றி, அதை வலக்கையால் உண்மையாகவே எடுப்பது. இருபது முறையாவது எடுத்து, அதைக் கைப்பேசியில் பதிவு செய்து பாருங்கள். எடுக்கும்போது உங்கள் பார்வை எப்போது நாணயத்தை விட்டு வலக்கைக்கு மாறுகிறது, எடுத்தபின் வலக்கை எவ்வளவு இறுக மூடுகிறது, வேலை முடிந்த இடக்கை எப்படித் தளர்ந்து கீழே இறங்குகிறது என்பவற்றைக் கவனியுங்கள். பெரும்பாலோர் தாண்டிச் சென்றுவிடும் பாடம் இது. என் அனுபவத்தில் இதைவிடப் பயன்தரும் பயிற்சி இல்லை.

அடுத்து, அதே அசைவைப் பொய்யாகச் செய்ய வேண்டும். வலக்கையின் கட்டைவிரல் நாணயத்துக்குக் கீழே நுழைய, மற்ற விரல்கள் முன்னால் வந்து அதை மறைக்கும் கணத்தில், இடக்கையின் பிடியைத் தளர்த்தினால் நாணயம் இடக்கைக்குள்ளேயே, விரல்கள் தொடங்கும் அடிப்பகுதியில் ஓசையின்றி விழும். வலக்கை எதையோ ஏந்தியதுபோல் மூடிக்கொண்டு விலகட்டும். உங்கள் பார்வை அதனுடனேயே செல்ல வேண்டும். ஒரு நொடி இடக்கையைப் பார்த்துவிட்டால் எல்லாம் போயிற்று. நாணயம் வலக்கையில் இருப்பதாக நீங்களே நம்பிப் பாருங்கள். அதன் எடையையும் குளிர்ச்சியையும் நினைத்துக்கொண்டால், விரல்கள் தாமாகவே சரியான வடிவத்தில் மூடும்.

உடனே கையைத் திறந்துவிடாதீர்கள். நான் பழகிய தொடக்கத்தில் அந்தப் பதற்றத்தாலேயே பல முறை தோற்றிருக்கிறேன். கை மாறிய நினைவு பார்ப்பவரின் மனத்தில் பசுமையாக இருக்கையில் திறந்தால், அவருடைய கண் நேராக மற்றொரு கைக்குத் தாவிவிடும். சில நொடிகள் கடக்கட்டும். அதற்குள் எதிரில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்வதற்காக அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது இடக்கை இயல்பாகக் கீழே இறங்கிவிடலாம். பிறகு வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக விரியுங்கள். நாணயம் மறையப் போகிறது என்று முன்னதாக அறிவிக்க வேண்டாம். எதிர்பார்ப்பு உறுதியாக இருக்கும்போதுதான் அது உடையும் ஓசை பெரிதாகக் கேட்கும்.

திறந்தபின் பேசாதிருங்கள். வியப்பு முகத்தில் பரவ ஓரிரு மூச்சு நேரம் தேவை. அந்த நேரத்தை நம் பேச்சால் நிரப்பினால் நாம் விதைத்ததை நாமே மிதித்தவர்களாவோம். அனுபவமுள்ளவர்கள் இதே இடைவெளியை இன்னொன்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். வியந்தும் சிரித்தும் இருக்கும் மனம் கண்காணிப்பதைச் சற்று நிறுத்தி வைக்கிறது. அடுத்த வித்தைக்கான மறைவேலையை முடித்துவிட அதைவிட ஏற்ற தருணம் கிடைக்காது.

இன்னொரு முறை செய்யச் சொல்லி நிச்சயம் கேட்பார்கள். அதே முறையில் செய்யாதீர்கள். முதல் முறை எங்கே பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியாது, இரண்டாம் முறை தெரியும். கவிழ்த்த கிண்ணங்களையும் சிறு பந்துகளையும் கொண்டு செய்யும் செப்படி வித்தையில் பந்துகள் மீண்டும் மீண்டும் மறைவதும் தோன்றுவதும் சலிக்காமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு சுற்றிலும் வழி மாறுவதும், இறுதியில் கிண்ணத்துக்குள்ளிருந்து யாரும் நினையாத பெரிய பொருள் வெளிவருவதும்தான். நீங்களும் நாணயத்தை வேறு வழியில் மறைக்கப் பழகும்வரை, புன்னகையோடு மறுத்துவிட்டு வேறொரு பொருளைக் கையில் எடுங்கள்.