பெங்களூரு வீட்டில் பச்சோந்தி: முதல் சில வாரங்கள்

தோட்டத்திலோ சாலையோரத்திலோ பிடித்த பச்சோந்தியை வளர்க்க எண்ண வேண்டாம்; இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். யேமன், சவூதி அரேபியாவைத் தாயகமாகக் கொண்ட ‘வெய்ல்டு’ வகையை வாங்கியவர்களும் அதை மத்திய அரசின் ‘பரிவேஷ்’ தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

காற்று தேங்கும் கண்ணாடித் தொட்டியைவிட உயரமான வலைக்கூண்டே நல்லது. அதில் கிளைகளையும் மணிபிளான்ட் கொடியையும் அமைத்து, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். வளர்ந்த பச்சோந்திக்கு விளக்கின் கீழ்க் குளிர்காயும் கிளையில் ஏறத்தாழ 30 டிகிரி வெப்பம் தேவை. டிசம்பர் இரவுகளில் பெங்களூரில் நிலவும் 15, 16 டிகிரிக் குளிரை, பகலில் நன்றாகச் சூடேறிய ஆரோக்கியமான உயிர் தாங்கிக்கொள்ளும். ஜன்னல் வெயில் போதுமென்று பலர் நம்புகிறார்கள். ஆனால், எலும்புக்கு வேண்டிய புற ஊதா பி கதிரைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடுவதால், அதற்கான தனி விளக்கு பகலில் 12 மணி நேரம் எரிய வேண்டும்.

கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது; இலைகளில் தெளித்த துளிகளையே நக்கிக் குடிக்கும். கண்கள் உட்குழிந்தாலோ, எச்சத்தின் வெண்பகுதி ஆரஞ்சு நிறமானாலோ நீர் போதவில்லை என்று பொருள். கீரை தின்று வளர்ந்த வெட்டுக்கிளி, சில்வண்டுகளைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள்.

இரண்டு வாரங்களுக்குக் கையில் எடுக்காதீர்கள். ஒரு கூண்டில் ஒன்றுதான்; பகலிலும் கண்மூடிக் கிடந்தால், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.