பெயர் இடத்தில் 'ராஜபாளையம்': நாய்த் தடுப்பூசிப் பட்டியலைச் சரிசெய்வது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ரேபிஸ் ஊசி முகாம் முடித்து, நோட்டை கூகுள் ஷீட்ஸில் ஏற்றினால் நாயின் பெயர் என்ற இடத்தில் ராஜபாளையம், லேப், பொமேரியன் என்று இனம்தான் நிறைய இருக்கும். பெரிய வீடுகளில் உரிமையாளர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார், நாயைப் பிடித்து வருபவர் வீட்டைப் பார்த்துக்கொள்பவர், அவர் வாயில் முதலில் வருவது இனம். அப்படியே விட்டால் ஒரே தெருவில் மூன்று ராஜபாளையம், அடுத்த வருஷ ஊசி எதற்குப் பாக்கி என்று தெரியாது.

முதலில் ஒரு நகல் எடுங்கள். அப்புறம் தனித் தாளில் இனங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, லேப்ரடார், டாபர்மேன், நாட்டு நாய். லேப், அல்சேஷன் மாதிரி பேச்சில் வருபவையும் வேண்டும். கவுண்ட்இஃப் (COUNTIF) ஃபார்முலா போட்டு ஒவ்வொரு பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தமாகத் தேடி மாற்றும் வசதி எனக்குப் பிடிக்காது, இங்கே தொடவே தொடாதீர்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் ஊர்ப் பெயர்களும்கூட, முகவரியும் சேர்ந்து மாறிவிடும்.

நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். கோம்பை என்று கண்ணுக்கு நேரே இருக்கும், ஃபார்முலா பூஜ்யம், அதாவது இனப் பட்டியலில் இல்லை என்று சொல்லும். பக்கத்தில் எழுத்துகளை எண்ணும் லென் (LEN) ஃபார்முலா போட்டுப் பாருங்கள். நாம் எண்ணினால் மூன்று எழுத்து, ஆனால் ஷீட்ஸ் கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுவதால் கோ, ம், பை ஒவ்வொன்றுக்கும் இரண்டாக ஆறு வர வேண்டும். ஏழு வந்தால் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது, போனில் தட்டும்போது தானாக விழுவது. பெயர்கள் முழுவதற்கும் ஓர இடைவெளியை நீக்கும் ட்ரிம் (TRIM) போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

இனி சிக்கிய வரிகளில் அந்தச் சொல்லை இனம் என்ற இடத்துக்கு நகர்த்துங்கள், அழிக்காதீர்கள், அதுவும் தேவையான தகவல்தான். அங்கே ஏற்கெனவே வேறு இனம் இருந்தால் நகர்த்த வேண்டாம், கன்னி என்பது அந்த நாயின் பெயராகவே இருக்கலாம். நிறத்தையும் பாருங்கள்: ராஜபாளையம் பெரும்பாலும் முழு வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. கறுப்பு என்று எழுதியிருந்தால் விசாரியுங்கள்.

காலியான பெயர்களுக்குப் போன்தான் வழி. "பேரு என்ன?" என்று கேட்டால் மறுபடியும் இனத்தையே சொல்வார்கள். "அண்ணே, சாப்பிட என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று கேளுங்கள், மணி, டைகர் என்று உடனே வரும்.

பிறகு சேர்த்தது: பெயரே வைக்காத நாய்க்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வீட்டு விலாசம், நிறம், ஆணா பெண்ணா மூன்றையும் சேர்த்து எழுதுங்கள், அடுத்த முகாமில் ஆள் மாறி வந்தாலும் அடையாளம் தெரியும்.