குக்கீ எல்லாத்தையும் மொத்தமா அழிக்காதீங்க, எது வேணாமோ அதை மட்டும் அழிங்க

கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குன்னு யார் சொன்னாலும் "குக்கீ எல்லாம் கிளியர் பண்ணிடு"ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும், குக்கீன்னா வெப்சைட் நம்மள ஞாபகம் வச்சுக்க நம்ம பிரவுசர்ல எழுதி வைக்கற சின்ன குறிப்பு. நானும் அப்படித்தான் ஒருநாள் அப்பாவோட கம்ப்யூட்டர்ல உக்காந்து கண்ணுல பட்ட எல்லா டிக்கையும் போட்டு மொத்தமா அழிச்சு விட்டேன், அவர் வருஷக்கணக்கா வச்சிருந்த மெயில் லாக் அவுட் ஆயிடுச்சு, பாஸ்வேர்டு அவருக்கு ஞாபகம் இல்ல, பிரவுசர்ல சேவ் ஆகியிருந்த பாஸ்வேர்டையும் சேத்துதான் நான் அழிச்சிருக்கேன், ரெகவரிக்கு குடுத்திருந்த போன் நம்பரும் எப்பவோ கைவிட்டுப் போனது. அதை மீட்டு எடுக்கறதுக்குள்ள பட்ட பாடு இருக்கே, அது வேற யாருக்கும் வரக்கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு தெளிவா இருக்கட்டும், குக்கீயால கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகாது. ஒரு குக்கீ அதிகபட்சம் 4 கேபி அளவுதான் இருக்கும், வெறும் எழுத்து, அது ஓடற புரோகிராமும் கிடையாது, வைரஸும் கிடையாது. ஸ்லோவுக்கு காரணம் பெரும்பாலும் தேவையில்லாத எக்ஸ்டென்ஷன் (பிரவுசர்ல நாம சேத்துக்கற குட்டி புரோகிராம்), நாப்பது அம்பது டேப் தொறந்து கெடக்கறது, இல்ல மெமரி பத்தாம இருக்கறது. அப்ப குக்கீயை ஏன் அழிக்கணும்னா ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, நம்மள பின்தொடர்ற விளம்பரக்காரங்க. இன்னொண்ணு, ஏதோ ஒரு சைட் மட்டும் லாகின் பண்ணப் பண்ண மறுபடி லாகின் பக்கத்துக்கே போறது, இல்ல 400 பேட் ரிக்வெஸ்ட்னு எரர் காட்டறது. அந்த எரர்ல ரிக்வெஸ்ட் ஹெட்டர் ஆர் குக்கீ டூ லார்ஜ்னு சேந்து வந்துச்சுன்னா அந்த சைட்டோட குக்கீ ரொம்ப சேந்து போச்சுன்னு அர்த்தம், அந்த ஒரு சைட்டுக்கு மட்டும் அழிச்சா போதும், சரியாயிடும்.

1994ல நெட்ஸ்கேப்ங்கற அந்தக் காலத்து பிரவுசர் கம்பெனியில வேலை பாத்த லூ மான்டுல்லிங்கறவர் கொண்டு வந்ததுதான் இந்த குக்கீ. வெப்சைட்டுக்கு சொந்தமா ஞாபகம் கிடையாது, ஒரு பக்கத்துலேந்து அடுத்த பக்கம் போனா நீங்க யாருன்னே அதுக்கு தெரியாது, அதனால ஒரு சின்ன சீட்டை உங்க பிரவுசர்ல எழுதி வச்சிட்டு ஒவ்வொரு தடவையும் அதை திருப்பி வாங்கி பாத்துக்குது. லாகின் ஆகியே இருக்கறது, கூடையில போட்ட பொருள் அப்படியே இருக்கறது, மொழியை ஞாபகம் வச்சுக்கறது எல்லாம் இதாலதான். பிரச்சனை எங்க வருதுன்னா, நீங்க போன சைட்டுக்குள்ள வேற கம்பெனியோட விளம்பரமோ வீடியோவோ இருக்கும்ல, அந்த கம்பெனியும் தன் சீட்டை வச்சிடும், இதுக்குப் பேர்தான் தேர்ட் பார்ட்டி குக்கீ, அதே கம்பெனி நூறு சைட்ல இருந்தா நூறு எடத்துலயும் அதே சீட்டை பாத்து நீங்க எங்கெங்க போனீங்கன்னு கோத்துரும்.

அழிக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. மெயில், பேங்க் மாதிரி முக்கியமான கணக்கோட பாஸ்வேர்டு கையில இருக்கா, ரெகவரி நம்பர் இப்ப உங்ககிட்ட இருக்கற நம்பர்தானா, டூ ஸ்டெப் (பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்கறது) போட்டிருந்தா பேக்கப் கோட் எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களான்னு பாருங்க. வீட்டுல பெரியவங்க யூஸ் பண்ற கம்ப்யூட்டர்னா அவங்கள பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு பண்ணுங்க, தயவுசெஞ்சு அவங்க இல்லாதப்ப பண்ணாதீங்க.

ஒரே ஒரு சைட்டுக்கு அழிக்கறதுதான் அதிகமா தேவைப்படும், குரோம்ல அந்த சைட்டை தொறந்து வச்சுக்கிட்டு அட்ரஸ் பார்ல இடதுபக்கம் இருக்கற சின்ன ஐகானை கிளிக் பண்ணுங்க, குக்கீஸ் அண்ட் சைட் டேட்டான்னு வரும், அதுக்குள்ள போனா அந்த சைட் வச்ச டேட்டா லிஸ்ட் வரும், குப்பைத்தொட்டி படத்தை அமுக்கிட்டு பக்கத்தை ரீலோட் பண்ணுங்க. எல்லா சைட்டையும் ஒரே எடத்துல பாக்கணும்னா செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, தேர்ட் பார்ட்டி குக்கீஸ், அங்க கீழ சீ ஆல் சைட் டேட்டா அண்ட் பெர்மிஷன்ஸ்னு இருக்கும். வெர்ஷனுக்கு வெர்ஷன் பேரு கொஞ்சம் மாறும், பயப்படாம தேடுங்க. அந்த லிஸ்டை ஒரு தடவையாவது பொறுமையா உக்காந்து பாருங்க, நீங்க வாழ்க்கையில போகவே போகாத பேரெல்லாம் இருக்கும், அதையெல்லாம் பெரும்பாலும் அழிச்சிடலாம்.

ஃபயர்ஃபாக்ஸ்ல செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா, மேனேஜ் டேட்டா. சைட் பேரை தேடி செலக்ட் பண்ணி ரிமூவ் குடுத்துட்டு கடைசியில சேவ் சேஞ்சஸ் அமுக்கணும், அதை அமுக்காம ஜன்னலை மூடினா ஒண்ணுமே அழியாது, நெறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க. மேக்ல சஃபாரின்னா செட்டிங்ஸ்ல பிரைவசி, மேனேஜ் வெப்சைட் டேட்டா. எட்ஜும் கிட்டத்தட்ட குரோம் மாதிரிதான்.

மொத்தமா அழிச்சே ஆகணும்னா குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூணுலயும் கன்ட்ரோல் ஷிப்ட் டெலிட் மூணையும் சேத்து அமுக்குங்க. வர்ற பெட்டியில டைம் ரேஞ்சை பாருங்க, நேத்து ஆரம்பிச்ச பிரச்சனைக்கு ஆல் டைம் எதுக்கு, குரோம், எட்ஜ்ல லாஸ்ட் 24 ஹவர்ஸ் குடுத்து பாத்துட்டு அப்புறம் யோசிங்க, ஃபயர்ஃபாக்ஸ்ல பேரு கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். குக்கீஸ் அண்ட் அதர் சைட் டேட்டா மட்டும் டிக் இருக்கட்டும், பாஸ்வேர்டு, ஆட்டோஃபில்னு இருக்கற எதுலயும் டிக் இருந்தா எடுத்துருங்க, அன்னிக்கு நான் பாக்காம விட்டது இதைத்தான். அழிச்சதுக்கு அப்புறம் எல்லா சைட்டும் மறுபடி குக்கீ அக்செப்ட் பண்றீங்களான்னு கேக்கும், நீங்க முன்னாடி வேணாம்னு சொன்ன பதிலையும் அது ஒரு குக்கீயிலதான் எழுதி வச்சிருந்துச்சு, அதனாலதான்.

அழிச்சுக்கிட்டே இருக்கறதை விட வராம தடுக்கறதுதான் என்னைக் கேட்டா சரி. சஃபாரி 2020லேந்து தேர்ட் பார்ட்டி குக்கீயை தானாவே தடுக்குது, ஃபயர்ஃபாக்ஸ் 2022லேந்து ஒவ்வொரு சைட்டோட குக்கீயையும் தனித்தனி டப்பாவுல போட்டு மூடி வைக்குது. குரோம்ல எடுத்துடப் போறோம்னு 2020ல சொன்னாங்க, 2024ல அந்த திட்டத்தையே விட்டுட்டாங்க, அதனால குரோம் யூஸ் பண்றவங்க நீங்களே போய் தேர்ட் பார்ட்டி குக்கீஸ் பக்கத்துல பிளாக் குடுக்கணும். ஏதாவது ஒரு சைட் வேலை செய்யலேன்னா அதுக்கு மட்டும் அனுமதி குடுத்துக்கலாம்.

பிரவுசரை மூடும்போதே குக்கீ அழியற மாதிரியும் வைக்கலாம், ஃபயர்ஃபாக்ஸ்ல மேனேஜ் டேட்டா இருக்கற அதே எடத்துல ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, மெயில் மாதிரி தெனம் வேணுங்கற சைட்டை மேனேஜ் எக்செப்ஷன்ஸ்ல போட்டுட்டா அது மட்டும் தப்பிச்சிரும். குரோம்ல சைட் செட்டிங்ஸுக்குள்ள ஆன் டிவைஸ் சைட் டேட்டாங்கற எடத்துல இதே வசதி இருக்கு. இன்னொரு விஷயம், சில குக்கீ பிரவுசரை மூடினா தானா போயிடணும், ஆனா கன்டினியூ வேர் யூ லெஃப்ட் ஆஃப் போட்டு வச்சிருந்தா பழைய டேப் திரும்ப வரும்போது அதுவும் சேந்து வந்துரும். ஒரே தடவை போற சைட்டுக்கு இன்காக்னிட்டோ (மூடினதும் குக்கீயை வச்சுக்காத தனி ஜன்னல்) போதும், எல்லா இன்காக்னிட்டோ ஜன்னலையும் மூடினாதான் குக்கீ போகும்ங்கறதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. வீட்டுல நாலு பேர் ஒரே கம்ப்யூட்டர் யூஸ் பண்ணா ஆளுக்கு ஒரு புரொஃபைல் போட்டுருங்க, ஒருத்தர் அழிக்கறது இன்னொருத்தர் லாகினை தொடாது.

கடைசியா ஒண்ணு, இது முக்கியம். வேற எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல லாகின் பண்ணி அப்படியே விட்டுட்டு வந்துட்டீங்க, இல்ல தெரியாத ஃபைலை தொறந்து மால்வேர் (திருட்டு வேலை பண்ற புரோகிராம்) வந்துச்சுன்னு வைங்க, லாகின் குக்கீயை திருடினவனுக்கு பாஸ்வேர்டும் வேணாம் ஓடிபியும் வேணாம், அந்த சீட்டை காட்டியே உள்ள போயிடுவான். அந்த நேரத்துல உங்க வீட்டுல குக்கீயை அழிச்சு பிரயோஜனம் இல்ல, அவன்கிட்ட இருக்கற காப்பி அப்படியேதான் இருக்கும். மால்வேர் இல்லாத வேற ஒரு போன்லயோ கம்ப்யூட்டர்லயோ உங்க கணக்கோட செக்யூரிட்டி பக்கத்துக்கு போய் டிவைசஸ் லிஸ்டை தொறந்து எல்லாத்துலேந்தும் சைன் அவுட் குடுங்க, உடனே பாஸ்வேர்டையும் மாத்துங்க, அப்பதான் அந்த பழைய சீட்டு செல்லாம போகும்.