வடகோடியில் சாமி மக்களோடு பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்வே, ஸ்வீடன், பின்லாந்தின் வடக்கே, சாமி (Sámi) என்ற பழங்குடி மக்கள் வாழும் பகுதிக்கு முதல்முறை போகிறவர்கள் என்னிடம் திட்டத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். குளிருடை பற்றி எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

நெருக்கிப் போட்ட ரிட்டர்ன் டிக்கெட்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. நார்வேயின் கௌதோகெய்னோ பக்கம் குளிர்காலம் முழுக்க மேய்ந்த ரெயின்டீர் மந்தைகள் ஏப்ரல் வாக்கில் கடற்கரையை நோக்கிக் கிளம்பும். மே மாதம் குட்டி ஈன வேண்டிய சினை மான்கள்தான் முதலில் போகும். பகலில் பனி இளகினால் கால் புதையும். இரவுக் குளிரில் பனி இறுகினால்தான் நடக்க முடியும். இரவு குளிரவில்லையா, மந்தை அசையாது.

ஒரு தம்பதி இந்த நடையைப் பார்க்க மூன்றே நாள் ஒதுக்கி வந்தார்கள். அந்த வாரம் பார்த்து வெதுவெதுப்பு. "பணம் கட்டியிருக்கிறோமே, ஸ்னோமொபைலில் மந்தைக்குப் பக்கத்திலாவது கொண்டுபோங்கள்" என்று மந்தைக்காரக் குடும்பத்து வழிகாட்டியிடம் சண்டை. அவர் அசையவில்லை. வண்டிச் சத்தத்தில் மிரண்டு ஓடினால் சினை கலையும் ஆபத்து உண்டு. கலைந்தால் நட்டம் அவர் குடும்பத்துக்கு. டிக்கெட்டை மாற்ற முடியாமல் இருவரும் ஆல்டா விமான நிலையத்துக்குத் திரும்பினார்கள். பெருஞ்செலவு, மந்தையையும் பார்க்கவில்லை.

மான்களின் நடமாட்டத்தை ஒட்டி, சாமி மக்களுக்கு ஆண்டில் எட்டுப் பருவங்கள். எந்த வாரம் வரலாம் என்று வழிகாட்டியிடம் கேட்டபிறகு அலுவலகத்தில் லீவு சொல்லுங்கள். மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுத்து, நான்கைந்து நாள் கூடுதலாக வையுங்கள்.

உடையைப் பார்த்து நம்புவது

பின்லாந்தின் சுற்றுலா நகரமான ரோவானியெமி, சாமி தாயகப் பகுதிக்குள்ளேயே வராது. அந்நாட்டில் ரெயின்டீர் வளர்க்கச் சாமியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால், சாமி உடையில் வரவேற்றாலும், மான் பண்ணை எல்லாம் சாமி குடும்பத்துடையது அல்ல. யார் நடத்துகிறார்கள் என்று நேராகவே கேளுங்கள். போலிச் சடங்குகளும் வேடங்களும் பெருகியதால்தான் பின்லாந்தில் சாமி மக்களின் பிரதிநிதி அமைப்பான சாமி நாடாளுமன்றம் 2018-இல் சுற்றுலாவுக்கு நெறிமுறைகள் வகுத்தது. புக் செய்யுமுன் அதைப் படித்துவிடுங்கள். அப்புறம், ஹஸ்கி நாய்வண்டி சாமி மரபு இல்லை.

"உங்களிடம் எத்தனை மான்?"

கேட்காதீர்கள். அது வங்கி இருப்பைக் கேட்பது மாதிரி.

டிசம்பர் கடைசியில் இனாரி

பின்லாந்தின் வடக்கே உள்ள இந்த ஊரில் அப்போது சூரியன் எழவே எழாது. தெரிந்து போங்கள்.

யோக்மோக் சந்தைக்கு அறை தேடுவது

ஸ்வீடனின் இந்தக் குளிர்காலச் சந்தை 1605 முதல் நடக்கிறது, பிப்ரவரி முதல் வியாழனன்று தொடங்கும். ஊர் சின்னது. விமானத்துக்கு முன்னால் அறையைப் பிடியுங்கள்.