சைக்கிள்: ஓட்டும் முன் நிறுத்தப் பழகுங்கள்

பேலன்ஸ் வந்த மறுநாளே பலர் சாலைக்குப் போய்விடுகிறார்கள். பேலன்ஸ் வந்தால் ஓட்டலாம், அவ்வளவுதான். நினைத்த இடத்தில் நிறுத்துவது தனியாகப் பழக வேண்டிய வித்தை. அதனால் இங்கே பிரேக்குக்குத்தான் அதிக இடம்.

1. கிளம்பும் முன் மூன்று நிமிடம்

முதலில் காற்று. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கணக்கில் அச்சாகியிருக்கும். காற்று குறைந்த டயர் பள்ளத்தில் இறங்கினால், ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும்.

அடுத்து பிரேக். லிவரை முழுக்க இழுங்கள். லிவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி மிஞ்ச வேண்டும். ஒட்டிக்கொண்டால் கேபிள் தளர்ந்திருக்கிறது அல்லது பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது. லிவரில் கேபிள் நுழையும் இடத்தில் கையால் திருகக்கூடிய ஒரு திருகு இருக்கும். அது வெளியே வரும் பக்கமாக அரைச் சுற்று திருகி, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். கட்டை உரசினால் கால் சுற்று திருப்பி விடுங்கள்.

இப்போது குனிந்து கட்டையைப் பாருங்கள். அது ரிம்மில் மட்டும் முழுசாகப் படிய வேண்டும். மேல் விளிம்பு டயரைத் தொட்டால், ஒவ்வொரு பிரேக்குக்கும் டயரின் பக்கவாட்டை அறுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் ஓடும்போதே வெடிக்கும். கட்டையில் உள்ள பள்ளக் கோடுகள் மறைந்துவிட்டால் மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. செயினுக்கு எண்ணெய் விடும்போது ரிம்மிலோ, டிஸ்க் பிரேக் என்றால் சக்கர நடுவில் உள்ள அதன் உலோகத் தட்டிலோ ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பட்டால் பிரேக் வழுக்கும்.

கடைசியாக முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் அசையாமல் ஹேண்டில் மட்டும் திரும்பினால் போல்ட்டை இறுக்காமல் ஏறாதீர்கள்.

2. ஹெல்மெட்

புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நேராக உட்கார வேண்டும். பின்னால் சாய்த்துப் போட்டால் நெற்றிக்குப் பாதுகாப்பு இல்லை. வார் காதுக்குக் கீழே ‘வி’ வடிவில் சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் போகலாம். வாயை அகலத் திறந்தால் ஹெல்மெட் தலையைக் கீழே அழுத்துவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வார் தளர்வு.

3. பிரேக் பழக்கம்

எந்தக் கை லிவர் முன் பிரேக் என்பது எல்லா சைக்கிளிலும் ஒன்றல்ல. வேறொருவர் சைக்கிள் என்றால், தள்ளிக்கொண்டே இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரேக் பிடித்ததும் உடல் பாரம் முன்னால் போகிறது. முன் டயர் தரையில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. அதனால்தான் நிறுத்தும் சக்தி பெரும்பாலும் முன் பிரேக்கில் இருக்கிறது. பின் பிரேக் மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். “முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்” என்று பயமுறுத்தி வளர்த்தவர்கள் பாதிதான் சொன்னார்கள். சட்டென்று இறுக்கினால்தான் விழுவீர்கள்.

காலியான, சமமான தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மெதுவாக வந்து, கோட்டைத் தொட்டதும் இரண்டு பிரேக்கையும் ஈரத்துணி பிழிவது போல வரவர இறுக்குங்கள். பெடல் இரண்டும் ஒரே உயரத்தில், இடுப்பு சீட்டின் பின்பக்கம், கைகள் ஹேண்டிலை ஊன்றியபடி. பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால் முன் பிரேக்கைச் சற்றே தளர்த்துங்கள். பத்து முறை செய்த பிறகு வேகத்தைக் கொஞ்சம் கூட்டி மறுபடி. பின் பிரேக் மட்டும் பிடித்தும் ஒருமுறை பாருங்கள். எவ்வளவு தள்ளிப்போய் நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

மழையில் ரிம் பிரேக் உடனே பிடிக்காது. கட்டை முதலில் ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைக்க வேண்டும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். ஈரம், மணல் எதுவானாலும் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்; வளைவுக்குள் பிரேக் வேண்டாம்.

4. சாலையில்

வண்டிகள் போகும் திசையிலேயே போங்கள். எதிர்த்திசையில் வருபவரைக் கிளைச்சாலையிலிருந்து திரும்பும் ஓட்டுநர் எதிர்பார்ப்பதில்லை.

நின்றிருக்கும் கார்களிடமிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலகிப் போங்கள். கதவு திறக்கும் நேரத்தில் எந்த பிரேக்கும் உதவாது. லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே இடம் இருக்கிறதே என்று நுழையவே நுழையாதீர்கள். லாரி அந்தப் பக்கம் திரும்பினால் அதன் பின்சக்கரம் உள்வாங்கி வரும், அந்த இடைவெளி மறைந்துவிடும். ஓட்டுநரின் முகம் அவருடைய பக்கக் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

திரும்பும் முன் பின்னால் பாருங்கள். தலை திரும்பும் பக்கமே ஹேண்டிலும் சாயும் என்பதால், இதையும் அதே சாக்பீஸ் கோட்டின் மேல் நேராக ஓட்டியபடி பழகிக்கொள்ளுங்கள்.

இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. ரிஃப்ளெக்டர் மட்டும் போதாது. பிற வண்டியின் வெளிச்சம் பட்டால்தான் அது மின்னும்.

விழுந்து எழுந்தால் உடனே ஏறாதீர்கள். ஹேண்டில் நேராக இருக்கிறதா, இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று பாருங்கள். தலை தரையில் அடித்திருந்தால், விரிசல் தெரியாவிட்டாலும் அந்த ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒருமுறை நசுங்கி அடியை வாங்குவதற்காகச் செய்யப்பட்டது, மறுமுறை வாங்காது.