வாசிகசாலையில் ஒரு நாள் பழைய பிரித்தானியத் தொலைக்காட்சி

தோட்டத்து வாசிகசாலை மண்டபத்தில் ஒரு நாள் முழுக்கப் பழைய பிரித்தானியத் தொலைக்காட்சியைக் காட்ட நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. பழைய நிகழ்ச்சிகள் பத்தை அடுத்தடுத்து ஓடவிட்டால் அது ஒரு நாள் ஒளிபரப்பு ஆகிவிடாது. சோதனை அட்டை (நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் திரையில் நிற்கும் படம்), கடிகாரம், சுழலும் உலக உருண்டை, அறிவிப்பாளர் குரல், இரவில் நிலைய மூடல் எல்லாம் நடுவில் வந்தால்தான் அது அந்தக் காலத்துத் தொலைக்காட்சி. இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியதே 1979 ஏப்ரலில்தான். அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்தது 1982இல். தோட்டத்து மண்டபத்தில் உட்காரும் பலருக்கு இவை முற்றிலும் புதியவை என்பதை மனதில் வைத்தே ஏற்பாடு செய்யுங்கள்.

நிகழ்ச்சி நிரல்

1970களை எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியப் பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் பி.பி.சி. 1உம் விளம்பர வருமானத்தில் ஓடும் ஐ.டி.வி.யும் 1969 நவம்பர் 15இல் வண்ணத்துக்கு மாறின. அதற்கு முந்தியவற்றில் நிறைய ஒளிநாடாக்கள் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டன. மிஞ்சியவை பல, திரையைப் பார்த்துப் படச்சுருளில் பிடித்த பிரதிகள். அவை மங்கலாகத் தெரிந்தால் உங்கள் டிவியைக் குறை சொல்ல வேண்டாம்.

ஞாயிறு காலை 10 மணிக்குச் சோதனை அட்டையைப் போட்டு, மெல்லிசையோடு ஆட்களை உட்கார வையுங்கள். கரும்பலகையில் சிறுமியும் கோமாளிப் பொம்மையும் விளையாடும் அந்த அட்டை 1967இல் வந்தது. 10.15க்குச் சிறுவர் பொம்மைத் தொடரான 'கிளாங்கர்ஸ்' இரண்டு, ஒவ்வொன்றும் பத்து நிமிடம். பாத்திரங்கள் சீழ்க்கையில்தான் பேசும் என்பதால் சின்னவர்களுக்கு மொழித் தொல்லை குறைவு. 10.40க்குப் பொம்மைகள் நடிக்கும் சாகசத் தொடர் 'தண்டர்பேர்ட்ஸ்', 50 நிமிடம். அது 1965இல் வந்தது, மறுஒளிபரப்பு என்ற கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பிற்பகல் 2.30க்கு இயற்கை ஆவணப்படத் தொடர் 'லைஃப் ஒன் ஏர்த்' (1979) ஒரு பாகம், 55 நிமிடம். 4 மணிக்கு 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்', 4.30க்கு 'ஃபோல்ட்டி டவர்ஸ்', இரண்டும் நகைச்சுவைத் தொடர்கள்.

காலப்பயணம் பற்றிய அறிவியல் புனைகதைத் தொடர் 'டொக்டர் ஹூ' போடுவதானால் நான்கு பாகக் கதையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 25 நிமிடப் பாகங்களை 11.35, 2.00, 5.15, 7.00 என்று பிரித்து வையுங்கள். ஒவ்வொரு பாகமும் ஆபத்தான இடத்தில் நிற்கும். சாப்பிடப் போனவர்கள் தாமாகவே திரும்பி வருவார்கள்.

ஐ.டி.வி.யின் 'அரை மணி' நிகழ்ச்சி உண்மையில் 25 நிமிடம்தான், மீதி விளம்பரம். அந்த ஐந்து நிமிடத்தைத் தேத்தண்ணிக்கு விடுங்கள். பி.பி.சி.யில் விளம்பரம் கிடையாது, ஆகவே அங்கே இடைவெளியை நீங்களே உண்டாக்க வேண்டும்.

'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' ஒவ்வொரு நாட்டவரையும் கேலிச்சித்திரமாக்கும் தொடர். அந்த நாட்டிலேயே அதற்குக் கண்டனம் எழுந்தது. போடுவதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். 'யெஸ் மினிஸ்டர்' அருமையான அரசியல் நகைச்சுவைத் தொடர்தான், ஆனால் சிரிப்பெல்லாம் நீண்ட வாக்கியங்களில் இருக்கிறது. திரையின் அடியில் தமிழ் வரி (சப்டைட்டில்) எழுதிச் சமாளிக்க முடியாது. விட்டுவிடுங்கள்.

படம்

இந்த நிகழ்ச்சிகள் 4:3 அளவில் எடுக்கப்பட்டவை. 43 அங்குல அகலத் திரையில் சரியாக விழுந்தால் படம் சுமார் 71 சென்டிமீட்டர் அகலமும் 53 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும், இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். "திரை வீணாகிறதே" என்று யாராவது ரிமோட்டை எடுத்து இழுத்து நிரப்பினால் எல்லா முகமும் பூசணிக்காய் ஆகிவிடும். டி.வி.டி. பிளேயரை எச்.டி.எம்.ஐ. வயரில் மாட்டினால் சில பிளேயர்கள் படத்தைத் தாங்களே இழுத்து அனுப்பும். டிவியில் அதைத் திருத்த வழி இல்லாமல் போகலாம். பிளேயரின் மெனுவில் மாற்றிப் பாருங்கள். சரிவராவிட்டால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள பழைய ஏ.வி. வயரில் கொடுத்து, டிவியில் 4:3 வையுங்கள். டி.வி.டி.கள் உலகப் பகுதிவாரியாக 'வலயம்' என்று பூட்டப்பட்டிருக்கும்; பிரித்தானிய டி.வி.டி.கள் வலயம் 2, எனவே எல்லா வலயமும் வாசிக்கும் பிளேயர் தேவை.

மடிக்கணினியில் வி.எல்.சி. (VLC) என்ற வீடியோ மென்பொருள் மூலம் ஓட்டும்போது, ஆட்கள் அசையும் இடங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் 'டி' (D) விசையை அழுத்துங்கள். வகையை 'யாடிஃப் 2எக்ஸ்' (Yadif 2x) என்று வைத்தால் அசைவு வழுவழுப்பாக வரும். அறைக்குள் நடக்கும் காட்சி வழுவழுப்பாகவும் வெளிக்காட்சி சற்றுச் சொரசொரப்பாகவும் இருந்தால் அது கோளாறு இல்லை. உள்ளே ஒளிநாடாவிலும் வெளியே 16 மி.மீ. படச்சுருளிலும் எடுத்தார்கள்.

தமிழ்

'ஃபோல்ட்டி டவர்ஸ்' போன்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் தமிழ் வரி எழுதுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். கோப்பைத் தமிழ் எழுத்துகள் சரியாக வரும் யூ.டி.எஃப்-8 (UTF-8) முறையில் சேமித்து, படக்கோப்பின் பெயரையே கொடுங்கள். நேரே டிவியில் பென்டிரைவைச் செருகினால் தமிழுக்குப் பதில் கட்டங்கள் வரலாம், மடிக்கணினியே நம்பகமானது. வரி முந்தினாலோ பிந்தினாலோ 'ஜி' (G), 'எச்' (H) விசைகளால் நகர்த்தலாம்.

ஆவணப்படத்துக்கு வரி வேண்டாம். நன்றாக வாசிக்கக்கூடிய ஆசிரியர் ஒருவர் முன்கூட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்து, ஒலியைக் குறைத்துவிட்டு மைக்கில் சொல்லட்டும். நாளின் அறிவிப்பாளரும் அவரே. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன் அரை நிமிடம்: பெயர், ஆண்டு, யார் யார், என்ன நடக்கப் போகிறது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இந்தக் குரலைத்தான் அதிகம் கவனிப்பார்கள், குளறினால் அங்கேயே திருத்துவார்கள்.

கரண்ட், குளிர், மழை

மாலையில் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) விளக்கு எரியத் தொடங்கியதும் மின்னழுத்தம் இறங்கும் இடங்கள் உண்டு. முந்தைய நாள் அதே நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். புரொஜெக்டர் வைத்தால் கரண்ட் போனாலும் சிறிது நேரம் மின்சாரம் தரும் ஒரு யூ.பி.எஸ். கட்டாயம்: கரண்ட் போனதும் விசிறி நின்றால் சூடான விளக்கு கெடும். இடி கேட்டால் பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் டிவியின் சொந்த ஒலி காதில் விழாது, தனி ஸ்பீக்கர் வேண்டும்.

குளிரில் கிடந்த பிளேயரைக் கூட்டம் நிறைந்த அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே நீர் படியும். ஒரு மணித்தியாலம் போடாமல் வையுங்கள். பூஞ்சை பிடித்த டி.வி.டி.யை வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். ஒளிநாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதைப் போடவே வேண்டாம், இயந்திரத்துக்கும் அடுத்த நாடாவுக்கும் பரவும்.

கடையில் வாங்கும் டி.வி.டி. வீட்டில் பார்ப்பதற்கானது. மண்டபத்தில் பலருக்குக் காட்ட உரிமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். டிக்கெட் விற்காவிட்டாலும் இதுவே நிலை, ஆகவே நாளைக் குறிக்குமுன் எழுதிக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் இரவு நிலையத்தை மூடும்போது பி.பி.சி. 1 அரசியின் வாழ்த்துப் பாடலைப் போட்டது. துரைமார் (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள்) காலத்தை அறிந்த தோட்டத்தில் அதற்குச் சிரிப்பும் வரலாம், முணுமுணுப்பும் வரலாம். இது அந்நாட்டின் அன்றைய வழக்கம் என்று அறிவிப்பாளர் முன்பே சொல்லட்டும், அல்லது விட்டுவிடுங்கள். பிறகு வரும் நீண்ட ஒற்றை ஒலி, பெட்டியை அணைக்க மறந்தவர்களை எழுப்புவதற்கானது. பத்து விநாடி போதும், ஸ்பீக்கரைக் குறைத்துக்கொண்டு போடுங்கள்.