பழைய கணக்கு நோட்டில் 3-7-6 என்று இருந்தால் எப்படிப் படிப்பது?

பரணைச் சுத்தம் செய்யும்போது தாத்தா காலத்து மளிகைக் கணக்கு நோட்டு கிடைத்தால் அதில் தொகை எல்லாம் இப்படித்தான் இருக்கும்: ரூ. 3-7-6. பார்த்ததும் ஏதோ தேதி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று ரூபாய், ஏழு அணா, ஆறு பை என்று படிக்க வேண்டும்.

ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை. இது இரண்டும் தெரிந்தால் போதும், மீதி தானாக வரும். நடுவில் உள்ள எண் 15-ஐத் தாண்டாது, கடைசி எண் 11-ஐத் தாண்டாது, தாண்டியிருந்தால் ஒன்று எழுதியவர் தப்பாகப் போட்டிருக்கிறார், இல்லை நீங்கள் பார்ப்பது அணாக் கணக்கே இல்லை.

நிறையப் பேர் தடுமாறுவது பைசாவில்தான். மூன்றாவது எண் பை, பைசா இல்லை. அந்தக் காலத்துப் பைசா என்றால் மூன்று பை, அதாவது கால் அணா. நாலு பைசா ஒரு அணா, அப்படிப் பார்த்தால் ரூபாய்க்கு 64 பைசா. நமக்குப் பழக்கமான நூறு பைசா பிறகு வந்தது. பை என்பதைத்தான் நம் ஊரில் தம்பிடி என்றார்கள். ‘ஒரு தம்பிடி தரமாட்டேன்’ என்று பாட்டி சொன்னால் ரூபாயில் 192-இல் ஒரு பங்குகூடக் கிடைக்காது என்று அர்த்தம்!

சரி, கூட்டுவது எப்படி? 2-9-8, 1-11-7 என்று இரண்டு தொகை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். 8-உம் 7-உம் 15 பை, அதில் 12 போனால் ஒரு அணா, மிச்சம் 3. அப்புறம் 9, 11, கூட வந்த 1, மொத்தம் 21 அணா, அதில் 16 ஒரு ரூபாயாகிவிடும், மிச்சம் 5. ரூபாய் 2, 1, வந்த 1. விடை 4-5-3. கால்குலேட்டரைத் தொடாதீர்கள், அதற்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.

நமக்கு 16 புதிதும் இல்லை. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போன கணக்கு தமிழில் ஏற்கெனவே இருந்தது. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, அதாவது ரூபாயில் மாகாணிதான் ஒரு அணா. எட்டணா அரை ரூபாய், நாலணா கால் ரூபாய், இரண்டணா அரைக்கால் ரூபாய், எங்கும் பின்னம் இடறாது. அந்த வசதி நூறு பைசாக் கணக்கில் போய்விட்டது.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா, அதாவது ரூபாய்க்கு நூறு என்ற புதுப் பைசா, வந்தபோது இதுதான் தலைவலி. ஒரு அணா என்பது 6.25 பைசா, ஆனால் கால் பைசாவுக்குக் காசு கிடையாது. அதனால் ஒரு அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19 என்று வைத்தார்கள். ஒரு அணாப் பொருளை மூன்று தடவை தனித்தனியாக வாங்கினால் 18 பைசா, சேர்த்து வாங்கினால் 19! நம் 3-7-6-ஐ மாற்றினால், ஆறு பை அரை அணா, ஏழரை அணா 46.875 பைசா, ஆக ஏறக்குறைய 3 ரூபாய் 47 பைசா. ‘நயா’ என்ற ஒட்டு 1964-இல் எடுக்கப்பட்டது. நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும் 25 பைசா, 50 பைசாக் காசுகள் மேல் ஏறி உட்கார்ந்து, அதற்குப் பிறகும் ரொம்ப நாள் ஓடியது.

நோட்டோடு காசும் கிடைத்தால், ஓரம் பூ இதழ் மாதிரி வளைந்து வளைந்து இருப்பது ஒரு அணா. 1907 முதல் வந்த அந்த வெள்ளைக் காசில் மதிப்பை உருது, நாகரி, வங்காளம், தெலுங்கு எழுத்துகளிலும் போட்டிருப்பார்கள், தமிழ் இருக்காது, தேடிப் பார்த்து ஏமாந்தவன் சொல்கிறேன். 1950-இல் வந்த அணாவில் ஒரு பக்கம் சிங்க முகம், மறுபக்கம் காளை.

நடுவில் ஓட்டையோடு ஒன்று இருந்தால் அது ஓட்டைக் காலணா, 1943 முதல் 1947 வரை அடித்தது, போர்க்காலத்தில் செம்பு தட்டுப்பாடு. இதற்கு லட்சம் தருகிறோம் என்று வரும் விளம்பரத்தை நம்பாதீர்கள், ஏராளமாக அடித்த காசு. புளி போட்டும் தேய்க்காதீர்கள், பளபளப்பு வரும், ஆனால் சேகரிப்பவர் வாங்க மாட்டார். அந்தக் காலத்திலேயே சிலர் அதை போல்ட்டுக்கு வாஷராக மாட்டியிருக்கிறார்களாம், உங்கள் பரணிலும் பழைய சைக்கிள் ஏதாவது இருந்தால் ஒருமுறை பாருங்கள்.